பெத்ரலோனாவில் மூன்றாவது நிறுத்தம்

மிர்ட்டோ தன் முன்னாள் கணவனை வாரத்துக்கு இரண்டு முறை சந்தித்தாள். ஒவ்வொரு முறையும் ஆறேழு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

அவளுக்கு அது பிழைப்பு. ஏதென்ஸுக்கு ஊர் சுற்ற வருகிறவர்களைக் கால்நடையாகக் கூட்டிப்போய், வழியில் நாலு இடத்தில் சாப்பாடும் உள்ளூரில் காய்ச்சிய பீரும் வாங்கிக் கொடுத்து, கதை சொல்லி, பொழுது சாய்வதற்குள் மெட்ரோ நிலையத்தில் கொண்டுவந்து விடவேண்டும். நாலில் மூன்றாவது இடம் பெத்ரலோனாவில் இருந்த அர்கிரிஸின் கடை. பழைய அச்சுக்கூடம் ஒன்றில் பின்பக்கம் தொட்டிகளை வைத்து அவனே பீர் காய்ச்சினான், முன்பக்கம் மேஜை போட்டு அவனே விற்றான்.

பாதையை வகுத்தது அவள் இல்லை. டூர் நடத்தும் லாம்பிஸ், நகரத்தின் பீர் கடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை என்று அர்கிரிஸின் கடையைச் சேர்த்துக்கொண்டான். வேண்டாம் என்று மிர்ட்டோ சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று ஆரம்பித்தால் கல்யாணத்திலிருந்து தொடங்கவேண்டும். வாயை மூடிக்கொண்டு முதல் கும்பலோடு உள்ளே நுழைந்தாள். அர்கிரிஸ் ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிளாஸ் காய்ந்து வெகுநேரமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவனுக்கு ஆங்கிலம் வராது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்திருந்தான், அதுவும் மறந்துபோயிற்று. அவன் கிரேக்கத்தில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பார்லி எங்கிருந்து வருகிறது, கசப்புக்கான ஹாப்ஸ் பூவை எப்போது போடுவது, எத்தனை நேரம் கொதிக்கவேண்டும் என்று நாலு விஷயம். பள்ளிப் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்து முடித்து, கிளாஸ்கள் காலியானதும் கிளம்பிவிடுவாள். இரண்டு வருஷமாக அந்த நாலு விஷயத்தைத் தவிர இருவருக்கும் நடுவில் வேறு பேச்சே இருந்ததில்லை.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடையில் நன்றாக விற்ற பீருக்கு மிர்ட்டோ என்றே பெயர். தேன் நிறத்தில், மிர்ட்டில் செடியின் இலையைச் சேர்த்துக் காய்ச்சிய பீர் அது. கல்யாணமான புதிதில் அவன் வைத்த பெயர், பிரிந்த பிறகும் மாற்றவில்லை. பாட்டிலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து, உங்கள் பெயராச்சே என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. "இங்கே தெருவுக்கு ரெண்டு மிர்ட்டோ இருப்பாங்க. இது செடியோட பேரு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அவள் முன்பு தனிப்பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாட்டில் கையில் வேலை இருந்தவர்கள்கூட நாளைக்கு இருக்குமா என்று தெரியாமல் தூங்கப்போன வருஷங்களில், அர்கிரிஸும் அவளும் அச்சுக்கூடத்தைப் பிடித்துக் கடை ஆரம்பித்தார்கள். ஆறு வருஷம் பீர் காய்ச்சும் கொப்பரையின் ஆவியிலேயே வாழ்ந்தார்கள். பிறகு வோலோஸில் அவளுடைய அப்பா இறந்துபோனார். அவள் முதல் பஸ்ஸில் போனாள், அர்கிரிஸ் மறுநாள் அடக்கத்துக்கு வந்து சேர்வதாகப் பேச்சு. வரவில்லை. கொப்பரையில் கொதிக்கிறது, விட்டுவிட்டு வரமுடியவில்லை என்று போனில் சொன்னான். கல்லறையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் காப்பியும் பிராந்தியும் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஊரே மாப்பிள்ளை எங்கே என்று கேட்டது. ஏதென்ஸுக்குத் திரும்பியதும் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லவில்லை. அவளும் காத்திருக்கவில்லை.

அது அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. வெயில் இதமாக இருந்தது. மார்க்கெட் வாசலில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு கனடா ஜோடி. உயரமான இரண்டு ஹாலந்துக்காரர்கள், ஊரில் பள்ளி ஆசிரியர்களாம். ஐந்தாவது ஆள் மெல்போர்னிலிருந்து தனியாக வந்திருந்த ஓர் அம்மாள். கேரல் பீட்டர்ஸ் என்று பதிவு செய்திருந்தாள். எழுபது வயசு இருக்கும், பெரிய வைக்கோல் தொப்பி, விலையுயர்ந்த நடைச் செருப்பு. மிர்ட்டோ எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டாள், ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

முதல் நிறுத்தம் மார்க்கெட். வாசலில் பாலாடைக்கட்டி அடைத்த பலகாரம், நின்றுகொண்டே. பிறகு மார்க்கெட்டுக்குள் ஆலிவ் வியாபாரியிடம். அந்த ஆள் மிர்ட்டோவிடம் கிரேக்கத்தில், இன்றைக்குக் கூட்டம் மெலிசாக இருக்கிறதே, அந்தத் தொப்பியைத் தூக்கினால் கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்டான். மிர்ட்டோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆலிவை ஆறு மாதம் உப்புநீரில் ஊறப்போடுவார்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். கேரல் ஓர் ஆலிவை எடுத்து வாயில் போட்டு, வியாபாரியை நிதானமாகப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

இரண்டாவது நிறுத்தமான ப்ஸிரியில் பொரித்த கருவாட்டு மீனும் பூண்டுத் துவையலும் வெளிர்நிற பீரும் முடிந்தன. அங்கிருந்து தீஸியோவைச் சுற்றிக்கொண்டு பெத்ரலோனாவுக்கு நடந்தார்கள். கனடாப் பெண் வழியெல்லாம் பூனைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள், அவள் புருஷன் அவளுடைய பையைச் சுமந்துகொண்டு வந்தான்.

அர்கிரிஸ் கதவைத் திறந்து வைத்திருந்தான். மேஜையில் புதினா போட்ட இறைச்சி உருண்டைகளும் பொரித்த சுரைக்காயும் தயாராக இருந்தன. வழக்கமாகத் தொட்டிகளின் பக்கம் போய் நின்றுதான் பேசுவான். அன்று மேஜை முனைக்கு வந்து, காலி நாற்காலி ஒன்றின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு பார்லி கதை இல்ல, மிர்ட்டோ," என்றான். குரல் மட்டும் பாடம் ஒப்பிக்கிற அதே குரல். "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன் பண்ணா எடுக்க மாட்ட. இவங்க முன்னாடின்னாதான் எந்திரிச்சுப் போக மாட்ட."

ஐந்து முகங்களும் மிர்ட்டோவின் பக்கம் திரும்பின.

"எல்லாரும் வாங்க, நல்லா சாப்பிடுங்கன்னு சொல்றார்," என்றாள் ஆங்கிலத்தில்.

"கட்டடத்தை வித்துட்டாங்க. மாடி பூரா டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்டப் போறாங்களாம். இந்த எடம் அவங்களுக்குக் காலைச் சாப்பாட்டு ஹால். வருஷக் கடைசியில நான் காலி பண்ணணும்."

"பார்லி வடக்கே செர்ரெஸ் பக்கத்துலேருந்து வருது. அதை முளைகட்ட வச்சு, காயவச்சு, லேசா வறுத்தாத்தான் இந்த நிறம் வரும்." அவள் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"வேற எடம் பார்த்தாச்சு," என்றான் அர்கிரிஸ். "வோலோஸ்ல. துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு பழைய புகையிலைக் கிடங்கு."

ஹாப்ஸ் பூவைப் பற்றி அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவனிடம் திரும்பினாள். முகத்தில் இருந்த சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, தொழில் விஷயம் விசாரிப்பதுபோல் கிரேக்கத்தில் பேசினாள்.

"என் ஊர்லயா? உனக்கு உலகத்துல வேற ஊரே அகப்படலையா? அங்க எவன் பீர் குடிக்கிறான்? பொழுது விடிஞ்சா சிப்புரோ, பொழுது போனா சிப்புரோ. திராட்சைச் சக்கைச் சாராயத்துல ஊறிக் கிடக்கிற ஊர் அது. ரெண்டே மாசம். அப்புறம் உன் தொட்டியில மீன்தான் வளர்க்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வாடகை குறைச்சல். தண்ணி நல்லா இருக்கு. அப்புறம், எனக்கு அந்த ஊர்ல ஒரு வேலை பாக்கி இருக்கு."

கனடா மாப்பிள்ளை கையைத் தூக்கி, என்ன சொல்கிறார் என்று கேட்டான். கொதிக்கிற நேரத்தைக் கேட்டேன், ஒரு மணி நேரம் என்கிறார் என்றாள் மிர்ட்டோ.

"அவ்வளவும் பேசினது ஒரு மணி நேரம்னு சொல்றதுக்கா?"

"கிரேக்கம் கொஞ்சம் நீளமான மொழி," என்றாள்.

ஹாலந்துக்காரர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். கேரல் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு இருமினாள்.

அர்கிரிஸ் நாற்காலியை விட்டபாடில்லை. "உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிரு. வேற ஊர் பார்க்கறேன், ஒண்ணும் முழுகிடாது. அதைக் கேக்கத்தான் இவ்வளவும். கடைத்தெருவுல உங்கம்மா எதிர்ல வருவாங்க, உன் அத்தை மக்கள் வருவாங்க. உன்கிட்டக் கேக்காம அங்க போய் உக்கார எனக்கு மனசு வரல. நீயும் வான்னு கூப்பிடல. வந்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்."

இதை எதுவாக மாற்றிச் சொல்வது என்று மிர்ட்டோவுக்குச் சட்டென்று தோன்றவில்லை. நொதிக்கும்போது அவசரப்படக் கூடாது என்று சொல்கிறார் என்றாள். தொட்டியின் சூட்டைப் பற்றி இன்னும் என்னென்னவோ சேர்த்தாள். அவளுக்கே அது வழவழவென்று கேட்டது.

அப்போதுதான் ஹாலந்துக்காரர்களில் ஒருவன் பாட்டிலைத் தூக்கி, அதிலிருந்த பெயரை விரலால் தட்டி, நேரே அர்கிரிஸையே கேட்டான். பேர், யாரு? நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குப் புரிகிற ஆங்கிலத்தில் கேட்டதால் அர்கிரிஸுக்கும் புரிந்துவிட்டது. தாடையால் மிர்ட்டோவைக் காட்டினான்.

"இதோ நிக்கிறாளே. அவளையே சொல்லச் சொல்லு," என்றான் கிரேக்கத்தில்.

"செடியோட பேருன்னு சொல்றார்," என்றாள் மிர்ட்டோ.

கேரலின் வாயிலிருந்த பீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. கனடாப் பெண் பதறிப்போய் முதுகைத் தட்டினாள். கேரல் கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய மிர்ட்டோவைப் பார்த்தாள். பிறகு தீவுக்காரர்கள் வார்த்தையின் வாலை விழுங்கிவிட்டுப் பேசுகிற கிரேக்கத்தில் கேட்டாள்:

"ஏம்மா, நீ என்ன செடியா?"

அர்கிரிஸ் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். காதுவரை சிவந்துபோயிருந்தான். மிர்ட்டோவுக்குத் தன் முகம் என்ன நிறத்தில் இருக்கிறதென்று தெரியவில்லை. ஆலிவ் கடையிலிருந்து இதுவரை தன் வாயால் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தது.

நீங்கள் கிரேக்கம் பேசுவீர்களா என்று ஹாலந்துக்காரன் ஆச்சரியப்பட்டான். என்ன கேட்டீர்கள் என்றாள் கனடாப் பெண்.

"கழிப்பறை எங்கேன்னு கேட்டேன்," என்றாள் கேரல் ஆங்கிலத்தில். "புத்தகத்துல படிச்சுட்டு வந்தேன். அந்த ஒரு வரிதான் தெரியும்."

அர்கிரிஸ் மறுபேச்சில்லாமல் கழிப்பறைக் கதவைக் காட்டினான். கேரலுக்கு எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. போய், கதவைச் சாத்திக்கொண்டு, நியாயமான அளவு நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். அதற்குள் மிர்ட்டோ எல்லாரையும் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அர்கிரிஸ் பின்னாலேயே வரவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசி நிறுத்தம் தீஸியோ ஸ்டேஷன் பக்கத்தில், தேனில் புரட்டிய மாவு உருண்டைகளும் கறுப்பு பீரும். அங்கே போகிற வழியில் கேரல் மிர்ட்டோவின் பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாள். மற்ற நால்வரும் முன்னால் நடந்தார்கள்.

தன் பெயர் கல்லிரோய் என்றாள். லெஸ்போஸ் தீவுக்காரி. பதினெட்டு வயசில் கப்பலேறி மெல்போர்ன் போனவள். போன இடத்தில் பெயர் யாருடைய வாயிலும் நுழையாததால் கேரல் ஆகிவிட்டாள். புருஷன் பெத்ரிதிஸ், பீட்டர்ஸ் ஆகிவிட்டான். இப்போது அவன் இல்லை.

"பாஷை தெரியாத கிழவின்னா முன்னாலயே எல்லாத்தையும் பேசறாங்க," என்றாள். "வந்ததுலேருந்து அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. டாக்ஸிக்காரன் மாமியாரைப் பத்தி ஏர்போர்ட்லேருந்து ஓட்டல் வரைக்கும் போன்ல பேசினான். என்ன ஒரு நாக்கு! தொப்பியைப் பத்தி உன் ஆலிவ்காரன் சொன்னது அஞ்சாவது தடவை."

மிர்ட்டோ மன்னிப்புக் கேட்டாள். அவன் சொன்னதற்கு, தான் மாற்றிச் சொன்னதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"அதை விடு. தொப்பி பெருசுதான். நீ அவனுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

அது தன் சொந்த விஷயம் என்று சொல்ல மிர்ட்டோ வாயைத் திறந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது அப்பாவின் சாவு. தோழிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன கதை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லும்போது சுருக்கமாக முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வரவில்லை, பீர் கொதிக்கிறது என்றான், நான் வந்துவிட்டேன். தெருவில் ஒரு திருப்பம் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

"பீர் கொதிக்குதுன்னா சொன்னான்?" என்றாள் கல்லிரோய். "நாங்க முப்பத்தஞ்சு வருஷம் மீன் பொரிக்கிற கடை வச்சிருந்தோம். எங்க வீட்டுக்காரர் வராம இருக்கணும்னா எண்ணெய் காயுதும்பார். அடுப்பை அணைக்கிறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"அப்போ ஏன் வரல?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் புத்தி சொல்ல வரலம்மா. பாதிக் கதை கேட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. செவ்வாய்க்கிழமை எனக்கு ப்ளைட். அதுக்கு முன்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா தேவலை."

மிர்ட்டோவுக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த கனடாப் பெண் திரும்பி, ஏதாவது பூனையா என்று கேட்டாள்.

கறுப்பு பீரைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி, ஸ்டேஷன் வாசலில் கைகுலுக்கி எல்லாரையும் அனுப்பி வைத்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போகிற ரயில் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. வந்த வழியே பெத்ரலோனாவுக்குத் திரும்பி நடந்தாள். கடை வாசலில் நின்று, உள்ளே போகவேண்டுமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனாள். யாருமில்லாமல் தனியாக அந்தக் கதவைத் தாண்டி அவள் நுழைந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அர்கிரிஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடினான்.

"அடுப்பை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

எந்த அடுப்பு என்று அவன் கேட்கவில்லை. ஈரத் தரையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கு அடுப்புல ஒண்ணுமே இல்ல," என்றான். "கொப்பரை காலியாக் கிடந்தது."

அன்று கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வோலோஸ் பஸ் நிற்கிற இடம்வரைக்கும் போனதாகச் சொன்னான். டிக்கெட்டும் எடுத்தானாம். பஸ் கிளம்பிப் போவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். காரணம் அவளுடைய அப்பா. இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் போன் செய்திருக்கிறார். என் மகளை அந்தப் புகையிலிருந்து விடு, அவள் படித்தவள், கைகள் பார்லிச் சக்கை அள்ளியே பாழாகிவிட்டன என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் ஒரு தொட்டி பீர் புளித்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றியிருந்தான்.

"கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"என்ன வார்த்தை?"

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க செத்தாக்கூட உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்."

மிர்ட்டோ நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. பார்க்கலாம்டான்னாரு."

அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தக் குரலே அவள் காதில் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் யாராவது சவால் விட்டால் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படித்தான் சொல்வார். மிர்ட்டோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக உடனே தன்மேல் கோபம் வந்தது, பிறகு அவன்மேல் வந்தது. அடக்கத்துக்கு வரமுடியாமல் போனதற்கு இல்லை, அது அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. பீர் கொதிக்கிறது என்று சொன்னானே, அதற்காக. தன் அப்பாவைவிட ஒரு கொப்பரை பெரிதாகப் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டே அவள் மூன்று வருஷத்தைக் கழித்திருந்தாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாயா என்று அவன் கேட்டான். யோசித்துப் பார்த்தாள். போயிருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆனால் வேறு மாதிரி போயிருப்பாள்.

அவன் ஒரு கிளாஸில் பீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். டூர் நடத்தும்போது அவள் குடிப்பதில்லை, அதனால் இந்த இரண்டு வருஷத்தில் அந்த பீரை அவள் ருசி பார்க்கவே இல்லை. குடித்தாள். இலை முன்பைவிடக் குறைவாக இருக்கிறது என்றாள். மலையிலிருந்து கொண்டுவந்து தருகிறவன் வருவதில்லை, வேறு ஆள், காய்ந்த இலைதான் தருகிறான் என்றான் அர்கிரிஸ்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"வோலோஸுக்குப் போ. எனக்கு ஒண்ணுமில்ல. எங்கம்மாகிட்ட முதல்ல போய் நில்லு, கடை திறந்தப்புறம் போனா மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. நான் வர மாட்டேன் அர்கிரிஸ். எனக்கு இந்த ஊர், இந்த வேலை பிடிச்சிருக்கு."

"சரி," என்றான்.

அடுத்த புதன்கிழமையிலிருந்து டிசம்பர்வரை மூன்றாவது நிறுத்தம் அங்கேயேதான் இருந்தது. பார்லியும் ஹாப்ஸும் அதே வரிசையில் வந்தன. ஒரே ஒரு வித்தியாசம், எல்லாரும் வெளியே போன பிறகு அவள் ஒரு நிமிஷம் பின்தங்குவாள். கிடங்குக்கு மின்சாரம் வந்ததா, நகராட்சியில் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்பாள். அவன் பதில் சொல்வான். மறுபடி டூருக்குப் போய்விடுவாள். லாம்பிஸிடம் கட்டடம் போகிற விஷயத்தை அவள்தான் சொன்னாள். நல்ல இடம் போயிற்றே என்று அவன் வருத்தப்பட்டான், பிறகு அந்தப் புது ரூம்களில் தங்குகிறவர்கள் நம் டூருக்கு வருவார்கள் அல்லவா என்று சந்தோஷப்பட்டான்.

ஜனவரியில் தொட்டிகளைக் கழற்றினார்கள். அர்கிரிஸுக்குப் பெரிய வண்டி ஓட்ட வராது, லைசென்ஸும் கிடையாது. ஆள் வைத்து அனுப்பலாம் என்றான். அர்கிரிஸ் முட்டாள்தனமாக எதையாவது சரியாகக் கட்டாமல் விடுவான் என்று மிர்ட்டோவுக்குத் தெரியும். பழைய நாட்களில் ஓட்டல்களுக்குச் சரக்கு கொண்டுபோனது அவள்தான். வாடகை வேனை அவளே ஓட்டினாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. வழியில் லாமியா பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு ரொட்டியில் சுட்ட இறைச்சி வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் அர்கிரிஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். அவள் ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு ஆள் தூங்குவது தொந்தரவாகவும் இல்லை, பெரிய விஷயமாகவும் இல்லை.

ஊர் எல்லையில் அவனை எழுப்பினாள். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போகவேண்டும். கொஞ்சம் நிறுத்து என்றான். நிறுத்தினாள், இடத்தை மட்டும் சொன்னாள், ஸைப்ரஸ் மரங்களுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரிசை. அவள் இறங்கவில்லை. இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது. அவன் வர நேரமாயிற்று. வந்தபோது பூட்ஸ் முழுக்கச் சேறு.

கிடங்கு வாசலில் தொட்டிகளை இறக்க நாலு துறைமுகத் தொழிலாளிகள் வந்தார்கள். இந்த டப்பாவில் என்ன காய்ச்சப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பீர் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கடையில் சிப்புரோ விற்ற ஸாக்கிஸ் என்ற தடித்த ஆள், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மொத்தத்தையும் பார்வையிட்டார். இங்கே பீரா, பாவம், நல்ல பிள்ளையாகத் தெரிகிறாய் என்று அர்கிரிஸின் தோளில் தட்டினார். வந்தவர்களுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டுமே என்று உள்ளே போய், எலுமிச்சை பிழிந்த நெத்திலியும் பீன்ஸும் ஒரு தட்டில் கொண்டுவந்தார். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின்மேல் தட்டை வைத்துவிட்டு மிர்ட்டோவைப் பார்த்தார்.

"வீட்டுக்காரம்மாவா?"

"இல்ல," என்றாள் மிர்ட்டோ. "வண்டி ஓட்டி வந்தேன்."

"அப்போ ரெண்டு மடங்கு சாப்பிடு. பசிக்கும்."

நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நெத்திலி நன்றாக இருந்தது. இந்த நெத்திலிக்கு வெளிர்நிறத்தில், கசப்பு தூக்கலாக ஒன்று காய்ச்சினால் எடுபடும் என்று அர்கிரிஸ் வாயில் மீனோடு சொன்னான். ஹாப்ஸைக் கடைசியில் போடு, இல்லாவிட்டால் எலுமிச்சையோடு சண்டை போடும் என்றாள் அவள். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். ஸாக்கிஸ் கேட்டுக்கொண்டே நின்றார், புரியவில்லை என்றாலும் போகவில்லை.

பிறகு அவள் வேனை வாடகைக்காரர்களின் வோலோஸ் கிளையில் விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் ஏதென்ஸுக்குத் திரும்பினாள். மறுநாள் புதன்கிழமை. பெத்ரலோனாவுக்குப் பதிலாக லாம்பிஸ் குகாகியில் ஒரு கடையைப் பிடித்திருந்தான். அங்கே பீர் ஊற்றின பையனுக்கு லண்டன்காரன் மாதிரி ஆங்கிலம் வந்தது. அவனே எல்லாவற்றையும் சொன்னான். மிர்ட்டோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.